சாவிக்கொத்து இல்லாத நான்கு நாட்கள்

கார்த்திகைக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை, இரவு எட்டு மணி இருக்கும். திருச்சி காந்தி மார்க்கெட் பக்கத்தில் வண்டி ஸ்டாண்டு. ஒரு கையில் அகல் விளக்குப் பை, இன்னொரு கையில் காய்கறிப் பை, பக்கத்தில் ஒன்பது வயது மகள். தோள் பைக்குள் கையை விட்டால் பர்ஸ் வருகிறது, போன் வருகிறது, பள்ளிக்கூட ரசீது வருகிறது, சாவிக்கொத்து மட்டும் வரவில்லை. பையைத் தரையில் கவிழ்த்தே பார்த்துவிட்டேன். இல்லை.

அந்தக் கொத்தில் ஐந்து சாவி. வண்டிச் சாவி, வீட்டு வாசல் கதவு, கிரில் கேட், பீரோ, அப்புறம் பேங்க் லாக்கர். கணவர் வேலையாக ஓசூர் போயிருந்தார், அவரிடம் இருந்த வீட்டுச் சாவி அவரோடு ஓசூரில். இன்னொரு செட் எங்கே என்றால் வீட்டுக்குள்ளே, பூட்டாத பீரோவில். அடுத்த நான்கு நாட்களில் செய்ததையும், செய்திருக்க வேண்டியதையும், நடுவில் பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன். சாவி தொலைத்துவிட்டு நடுத்தெருவில் நின்று போனில் தேடிக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவும்.

முதலில் வண்டியையே பாருங்கள். இக்னிஷனில் அப்படியே தொங்கும், சீட் பூட்டில் செருகி மறந்திருக்கும். டிக்கியைத் திறந்து பையை வைக்கும்போது சாவியையும் உள்ளே வைத்து சீட்டை அழுத்திச் சாத்திவிடுவது எல்லோருக்கும் நடக்கிறது. அப்படி நடந்தால் சாவி தொலையவில்லை, உள்ளே இருக்கிறது, அவ்வளவுதான். சீட்டை உடைக்காமல் திறக்க மெக்கானிக்குகளுக்கு வழி தெரியும், நாமாக இழுத்து உடைக்க வேண்டாம். ஸ்டாண்டுக்காரரிடமும் கேட்க வேண்டும், ஏனென்றால் இக்னிஷனில் விட்டுப்போன சாவியை அவர்கள் எடுத்து வைத்திருப்பார்கள். எனக்கு இது எதுவும் இல்லை. வண்டியை நிறுத்தி சைடு லாக் போட்டதும், சாவியை எடுத்துக்கொண்டு நடந்ததும் நன்றாக நினைவிருந்தது.

அடுத்தது, "எங்கே தொலைத்தேன்" என்று யோசிக்கக் கூடாது. அந்தக் கேள்விக்கு மனதில் பயம்தான் பதிலாக வரும். "கடைசியாக எப்போது கையில் வைத்திருந்தேன், அப்புறம் எங்கெங்கே பையைத் திறந்தேன்" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு இதில் கைகொடுத்தது ஜிபே. போனில் பணம் அனுப்பிய பட்டியலைத் திறந்தால் எந்தக் கடையில் எத்தனை மணிக்கு நின்றேன் என்று நிமிடத்தோடு இருக்கிறது. அகல் விளக்கு 6.52, பொரியும் அவலும் 7.08, வெல்லம் 7.15, காய்கறி 7.31. பர்ஸை எடுக்க, போனை எடுக்க ஒவ்வொரு கடையிலும் பையைத் திறந்திருக்கிறேன், அந்த நான்கு இடத்தில் ஒன்றில்தான் விழுந்திருக்க வேண்டும். கடைசிக் கடையிலிருந்து பின்னோக்கி நடந்தோம். மகள் போன் வெளிச்சத்தில் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். காய்கறிக் கடைக்காரர் தராசுத் தட்டையே தூக்கிக் காட்டினார். வெல்லக் கடையில் சாக்கை நகர்த்திப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. நாலு கடையிலும் போன் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வாயால் சொன்னால் மறந்துபோகும், எழுதிக் கொடுத்தால் கல்லாப் பெட்டியில் போட்டு வைப்பார்கள்.

பேருந்தில் தொலைத்திருந்தால் டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள், எந்த வண்டி, எந்த டெப்போ என்று கண்டுபிடிக்க அதுதான் வழி. ரயிலில் என்றால் 139. ஆப் மூலம் வந்த ஆட்டோ, கார் என்றால் அந்தப் பயணத்தின் பதிவுக்குள்ளேயே தொலைந்த பொருளைத் தேட வழி இருக்கும், அன்றைக்கே செய்துவிடுங்கள்.

சரி, கிடைக்கவில்லை. அப்போதுதான் நான் இன்றைக்கு எல்லோருக்கும் சொல்ல நினைக்கிற விஷயம் புரிந்தது. சாவி போனது ஒரு பிரச்சினை. அந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு உரியது என்று எடுத்தவருக்குத் தெரியுமா என்பது வேறு பிரச்சினை, அதுதான் பெரியது. வெறும் வீட்டுச் சாவி ஒன்று மார்க்கெட்டில் கிடந்தால் அது வெறும் இரும்பு, இத்தனை லட்சம் வீட்டில் எந்த வீட்டுக்கு என்று யாருக்குத் தெரியும்? ஆனால் வண்டிச் சாவி அப்படி இல்லை. வண்டி அதே மார்க்கெட்டில் நிற்கிறது. சாவியின் தலையில் கம்பெனிப் பெயர் இருக்கிறது. எடுத்தவர் ஸ்டாண்டுக்குள் நடந்து, அந்தக் கம்பெனி வண்டிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் போதும். அதனால் முதலில் காக்க வேண்டியது, சாவி விழுந்த இடத்துக்கு எது பக்கமோ அதைத்தான். ஸ்டாண்டு அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன், டோக்கன் என் பர்ஸில் பத்திரமாக இருந்தது, "டோக்கன் இல்லாம யார் வந்தாலும் விடாதீங்க, சாவியோட வந்தாலும் விடாதீங்க" என்றேன். அவர் என் வண்டியைத் தள்ளிச் சுவரோரம் உள்ளே கொண்டுபோய், முன் சக்கரத்தில் ஒரு சங்கிலியும் போட்டார். சைடு லாக் போட்ட வண்டியை முன் சக்கரத்தைத் தூக்கித்தான் நகர்த்த வேண்டும், இரண்டு பேர் சேர்ந்து செய்தார்கள்.

இதைச் செய்துவிட்டு ஆட்டோவில் ஏறிய பிறகுதான் இன்னொன்று நினைவுக்கு வந்து வயிற்றைப் பிசைந்தது. எங்கள் அபார்ட்மெண்டில் பொங்கலுக்கு எல்லா வீட்டுக்கும் ஒரு சாவி வளையம் கொடுத்திருந்தார்கள், அழகான மரத்துண்டு, அதில் அபார்ட்மெண்ட் பெயரும் வீட்டு நம்பரும் பொறித்தது. அதைத்தான் மாட்டியிருந்தேன். ஆக, வீட்டுச் சாவியும் இப்போது விலாசத்தோடு போயிருக்கிறது. உங்கள் சாவி வளையத்தில் வீட்டுப் பெயர், நம்பர், அலுவலக அடையாள அட்டை, விசிட்டிங் கார்டு ஏதாவது இருந்தால் இதைப் படித்து முடிப்பதற்குள் கழற்றிவிடுங்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு போன் நம்பர் போதும்.

வீட்டுக்கு வந்தோம். எதிர் வீட்டு அக்கா கதவைத் திறந்து ஒன்றும் கேட்காமல் மகளை உள்ளே கூட்டிப்போய்த் தோசை ஊற்ற ஆரம்பித்துவிட்டார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து பூட்டுத் திறப்பவரைத் தேட ஆரம்பித்தேன். இணையத்தில் முதலில் கிடைத்த நம்பரில் ஒருவர் "300 ரூபாய்தான் மேடம், உடனே வர்றேன்" என்றார். எந்தப் பூட்டு, எந்த மாதிரிக் கதவு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. நானாகப் பூட்டைப் பற்றிச் சொன்னதும் "வந்து பார்த்துட்டுச் சொல்றேன், ஓட்டை போடணும்னா 4,000 ஆகும்" என்றார். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். பூட்டைப் பார்க்காமலே ஓட்டை போடப் பேசுகிறவரிடம் கதவைக் கொடுக்காதீர்கள். நம் ஊர்களில் ஒவ்வொரு கடைவீதியிலும் பெரிய சாவிப் படம் வரைந்த பலகையை வைத்துக்கொண்டு, அரமும் சாவி வளையமுமாக உட்கார்ந்திருப்பவர் ஒருவர் இருப்பார். வருஷக்கணக்காக அதே இடத்தில் உட்கார்ந்திருப்பவர், நாளைக்கும் அங்கேயே இருப்பவர். அவருடைய நம்பரை இன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அக்கா வீட்டில் அப்படி ஒரு பாயின் நம்பர் இருந்தது. ஒன்பதரை மணிக்கு வந்தார்.

வந்தவர் பூட்டைத் தொடவே இல்லை. "வீடு உங்களோடதுதானா அக்கா, ஆதார் ஏதாவது காட்டுங்க" என்றார். கொஞ்சம் சுருக்கென்றது, ஆனால் அடுத்த நொடியே அவர் மேல் மரியாதை வந்துவிட்டது. யார் கூப்பிட்டாலும் யார் வீட்டையும் திறந்துவிடுகிறவரை நான் நம்ப முடியுமா? போனில் டிஜிலாக்கரில் ஆதார் இருந்தது, காட்டினேன். எதிர் வீட்டு அக்காவும் அண்ணனும் பக்கத்தில் நின்றார்கள். அப்புறம் கேட்டார், வெறுமனே இழுத்துச் சாத்தியதா, சாவி போட்டுத் திருப்பிப் பூட்டியதா? இது முக்கியமான கேள்வி. இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவில் சரிவான நாக்கு மட்டும்தான் பிடித்திருக்கும், அதை இடுக்கு வழியாகத் தள்ளியே திறந்துவிட முடியும். சாவி போட்டுத் திருப்பியிருந்தால் அந்த வேலை நடக்காது. நான் திருப்பிப் பூட்டியிருந்தேன்.

கிரில் கேட்டில் தொங்கு பூட்டு, மலிவானது, அதன் வளைவை ரம்பம் வைத்து அறுத்தார், ஐந்து நிமிடம். பூட்டு விலை உயர்ந்ததாக இருந்தால் நாதாங்கியை அறுப்பது லாபம், நாதாங்கியை மறுபடி வெல்டிங் வைத்துக்கொள்ளலாம். வாசல் கதவில் இருந்தது சிலிண்டர் பூட்டு. உள்ளே ஐந்தாறு சின்ன ஊசிகள், ஒவ்வொன்றும் இரண்டு துண்டாக ஸ்பிரிங் மேல் நிற்கும். சரியான சாவி போனால் எல்லா ஊசியின் வெட்டும் ஒரே கோட்டில் வந்து நிற்கும், அப்போதுதான் சிலிண்டர் சுற்றும். 1860களில் அமெரிக்காவில் லைனஸ் யேல் காப்புரிமை வாங்கிய அமைப்பு, இன்றைக்கும் உலகத்தில் பாதி வாசல் கதவுகளில் அதுதான் இருக்கும் போல. பாய் இரண்டு மெல்லிய கம்பிகளை விட்டு, காதைக் கதவோடு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஊசியாக உட்காரவைத்தார். இருபத்தைந்து நிமிடம் ஆனது. ஒரு கீறல் இல்லை. மொத்தம் 1,200 ரூபாய் என்று முதலிலேயே சொல்லியிருந்தார், அதையேதான் வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது அவர் சொன்னதுதான் எனக்குப் பெரிய செலவை மிச்சப்படுத்தியது. "பூட்டு முழுசா மாத்தாதீங்க அக்கா, சிலிண்டர் மட்டும் மாத்துங்க." சிலிண்டர் பூட்டில் அந்த ஒரு பாகத்தை மட்டும் கழற்றிப் புதிது போட்டால் பழைய சாவி செத்துவிடும், கதவில் புது ஓட்டை எதுவும் வேண்டாம். லீவர் பூட்டில் இப்படிக் கழற்றி மாட்டும் சிலிண்டர் இல்லை, உள்ளே இருக்கும் தகடுகளை மாற்றியோ வரிசையைக் கலைத்தோ சாவியை மாற்ற வேண்டும், அல்லது பூட்டையே மாற்ற வேண்டும். உங்கள் கதவில் எது இருக்கிறது என்று இப்போதே பார்த்து வைத்துக்கொண்டால் நல்லது.

லீவர் பூட்டு என்றதும் அம்மாச்சி வீடுதான் நினைவுக்கு வருகிறது. புதுக்கோட்டைப் பக்கம், முற்றம் வைத்த வீடு, வாசலில் திண்டுக்கல் பூட்டு, மாங்காய்ப் பூட்டு என்பார்கள், அந்த வடிவத்தில் இருக்கும். இரண்டு கையால் தூக்க வேண்டும் எனக்கு அப்போது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது அந்தப் பூட்டுத்தான் கண்ணில் நின்றது. கையால் செய்த பூட்டு, கையால் அராவிய சாவி. அம்மாச்சி அதைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகியிருப்பார், குளிக்கப் போகும்போது மட்டும்தான் அது இடுப்பை விட்டு இறங்கும்.

அம்மாவும் புதுக்கோட்டைதான், அதனால் அன்றைக்கு இரவு போனில் விஷயத்தைச் சொன்னதும் அவர் சொன்ன முதல் வார்த்தை "அரைக்காசு அம்மனுக்கு வேண்டிக்கோ." திருக்கோகர்ணத்தில் இருக்கும் பிரகதாம்பாள்தான் அரைக்காசு அம்மன். தொண்டைமான் அரசர்கள் வெளியிட்ட அம்மன் காசில் ஒரு பக்கம் அந்த அம்மன் உருவம் இருக்கும், நவராத்திரியில் அரிசியோடு அந்தக் காசைத் தானம் கொடுப்பார்களாம். தொலைந்த பொருள் கிடைக்க அவளுக்கு வெல்லம் வேண்டிக்கொண்டு, துணியில் ஒரு முடிச்சுப் போட்டு வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். துப்பட்டா நுனியில் முடிந்தேன். எதிர் வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு, தான் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டார், தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர்தான் அவர்களுக்கு. அந்த ராத்திரி எனக்கு அது உண்மையிலேயே தெம்பாக இருந்தது. தேடுவதை நிறுத்திவிட்டுத் தூங்க முடிந்தது.

வியாழன் காலை சிலிண்டர் மாற்றினோம், கிரில் கேட்டுக்குப் புதுப் பூட்டு. பீரோவில் இருந்த மாற்றுச் சாவியோடு ஸ்டாண்டுக்குப் போய் வண்டியை எடுத்தேன். ஒரு ராத்திரிக்கு மேல் நின்றதற்கு அண்ணன் கூடுதலாக எதுவும் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் பேங்க். லாக்கர் சாவியைத் தினமும் எடுத்துப்போகும் கொத்தில் மாட்டியிருக்கவே கூடாது, வருஷத்துக்கு நான்கு தடவை போகிற இடம் அது. இருந்தாலும் ஒரு ஆறுதல், நம் சாவி மட்டும் வைத்து யாரும் லாக்கரைத் திறக்க முடியாது, பேங்க்காரர் தன் சாவியையும் போட வேண்டும், நம் கையெழுத்தும் வேண்டும். ஆனால் தொலைந்தது தெரிந்ததும் உடனே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் லாக்கர் பற்றி வெளியிட்ட விதிமுறைகளில் இதற்கான வழி தெளிவாக இருக்கிறது. வாடிக்கையாளரை அடையாளம் பார்த்த பிறகு, வங்கியோ வங்கி அங்கீகரித்த தொழில்நுட்பப் பணியாளரோதான் திறக்க வேண்டும், நாம் பக்கத்தில் இருக்க வேண்டும். திறப்பது, பூட்டு மாற்றுவது, புதுச் சாவி எல்லாவற்றுக்கும் செலவு நம்முடையது. தொலைந்த சாவி பின்னால் கிடைத்தால் வங்கியிடம் ஒப்படைப்பேன் என்று உறுதிமொழியும் எழுதி வாங்குவார்கள். எழுதிக் கொடுத்தேன். லாக்கர் கம்பெனி ஆள் செவ்வாய்க்கிழமை வருவார், சில ஆயிரம் ஆகும் என்றார்கள்.

போலீஸில் சொல்ல வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வெறும் சாவி என்றால் நான் போக மாட்டேன். ஆனால் பையோடு போயிருந்தாலோ, விலாசம் உள்ள எதுவும் கூடவே போயிருந்தாலோ, கார் சாவி என்றாலோ ஒரு மனு கொடுத்து, மனு பதிவானதற்கு ஸ்டேஷனில் தரும் சிஎஸ்ஆர் ரசீதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் இன்சூரன்ஸிலும் ஷோரூமிலும் கேட்கக்கூடும். ஆர்சி, லைசென்ஸ் போன்ற ஆவணங்கள் கூடவே போயிருந்தால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கையை நாமே எடுத்துக்கொள்ளலாம், ஸ்டேஷனுக்கு அலைய வேண்டியதில்லை.

கார் சாவி வேறு கதை. என் தம்பிக்கு நடந்தது. கோயம்புத்தூரில் இருக்கிறான், கார் வாங்கி நாலு வருஷம், இரண்டு சாவியில் ஒன்று வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது, "இன்னொன்றுதான் இருக்கே" என்று விட்டுவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இன்னொன்றும் போய்விட்டது. ரோட்டோரக் கடையில் சாவி வெட்டினான், கதவு திறந்தது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஆகாது. இன்றைய கார் சாவிகளின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி அளவில் ஒரு சிப் இருக்கிறது, அதற்கு பேட்டரி கூட வேண்டாம். சாவி போடும் இடத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் அந்தச் சிப்பின் எண்ணைப் படிக்கும், வண்டியின் கம்ப்யூட்டருக்கு அந்த எண் தெரிந்ததாக இருந்தால்தான் என்ஜின் ஓட விடும். அதனால் சாவி வெட்டுவது பாதி வேலைதான். அந்தச் சிப்பை வண்டிக்குப் பழக்கப்படுத்துவது மீதிப் பாதி. ஒரு சாவி கையில் இருக்கும்போதே இன்னொன்று செய்துகொண்டால் குறைந்த செலவு, இரண்டும் போன பிறகு செய்தால் பல மடங்கு, மேலே வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் செலவு வேறு. ஒரு சாவி மட்டும் வைத்திருப்பவர்கள் இந்த மாதமே இன்னொன்று செய்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

புது வண்டி வாங்கும்போது சாவியோடு ஒரு சின்னத் தகடோ அட்டையோ எண்ணோடு வரும். பலரும் அதையும் சாவி வளையத்திலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த எண் இருந்தால் பழைய சாவி இல்லாமலே புதிது வெட்ட முடியும், ஆகவே அதைத் தனியாக எடுத்து ஆர்சியோடு வைக்க வேண்டும், போனில் ஒரு படமும் வைத்துக்கொள்ளலாம். ஷோரூமில் புதுச் சாவி கேட்டுப் போகும்போது ஆர்சி, உரிமையாளரின் அடையாள அட்டை இரண்டும் வேண்டும். அங்கே மறக்காமல் கேட்க வேண்டியது ஒன்று: "தொலைந்த சாவியின் பதிவை வண்டியிலிருந்து அழித்துவிடுங்கள்." அழித்துவிட்டால் அந்தப் பழைய சாவி கதவைத் திறந்தாலும் என்ஜினை ஓட்டாது.

இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள், சாவி இழப்புக்கு என்று கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் செலவில் பெரும்பகுதி கிடைக்கலாம். அதைவிட முக்கியம், கார் திருட்டுப்போனால் இழப்பீடு கேட்கும்போது இன்சூரன்ஸ்காரர்கள் இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒன்று முன்பே தொலைந்திருந்தால் அதை அப்போதே எழுத்தில் தெரிவித்த சான்று நம்மிடம் இருக்க வேண்டும். என் தம்பி முதல் சாவி போனபோது ஒரு மெயில் அனுப்பியிருந்தால் போதும், ஐந்து நிமிட வேலை.

பட்டன் அழுத்தி ஸ்டார்ட் செய்கிற வண்டிக்காரர்களுக்கு ஒன்று. சாவி கையில் இருந்தும் வண்டி கண்டுகொள்ளவில்லை என்றால் பெரும்பாலும் பேட்டரிதான், பல சாவிகளில் இருப்பது சிஆர் 2032 என்கிற வட்ட பேட்டரி, மளிகைக் கடையில் கூடக் கிடைக்கும். அதுவரை, சாவிக்குள்ளேயே ஒளிந்திருக்கும் சின்ன இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறந்து, சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பெரும்பாலான வண்டிகள் ஓடும்.

இதெல்லாம் நிதானமாகச் செய்யக்கூடியவை. ஒரே ஒரு நிலைமையில் நிதானம் கூடாது. சாவி உள்ளே, கார் பூட்டிக்கொண்டது, உள்ளே குழந்தை. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் பத்து டிகிரி வரை ஏறிவிடும். பூட்டுக்காரரைத் தேட வேண்டாம், 112க்குப் போன் போடச் சொல்லிவிட்டு, குழந்தைக்குத் தள்ளி இருக்கும் பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையில் கனமான, கூரான எதையாவது வைத்து அடித்து உடைத்துவிடுங்கள். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் சின்னச் சின்னத் துண்டாகச் சிதறும் வகை, முன் கண்ணாடி அடுக்காக ஒட்டியது, அதை அடித்துக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும். வீட்டிலும் அப்படித்தான், அடுப்பில் பால், உள்ளே குழந்தை தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது என்றால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடலாம், 101. கதவு திறக்கவும் அவர்கள் வருவார்கள், தயங்க வேண்டாம்.

மாற்றுச் சாவியை எங்கே வைப்பது? மிதியடிக்குக் கீழே, செருப்பு ஸ்டாண்டில், மீட்டர் பெட்டிக்குள், துளசி மாடத்தில் என்று நாம் வைக்கும் இடமெல்லாம் திருட வருகிறவர்களுக்கும் தெரியும். சாவியை ஓர் ஆளிடம் கொடுங்கள், இடத்தில் வைக்காதீர்கள். எங்கள் புது செட்டில் ஒன்று இப்போது எதிர் வீட்டு அக்காவிடம், அவர்களுடையது என்னிடம். பழைய டால்கம் பவுடர் டப்பாவில், பெயர் எதுவும் எழுதாமல்.

இனி, நீங்கள் யாருடைய சாவியையாவது கண்டெடுத்தால். நல்ல எண்ணத்தில் உடனே படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போடுகிறோம். அந்தப் படத்தில் சாவியின் பல் தெளிவாக இருந்தால் அதை வைத்தே சாவி வெட்டிவிட முடியும். 2008இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில், தூரத்திலிருந்து எடுத்த படத்தை மட்டும் வைத்துக் கம்ப்யூட்டர் மூலம் சாவியின் வெட்டுகளைக் கண்டுபிடித்துக் காட்டியிருக்கிறார்கள். வளையத்தை மட்டும் காட்டி, பல்லை உள்ளங்கையில் மறைத்து எடுங்கள். அல்லது படமே வேண்டாம், "சாவி கிடைத்தது, அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளவும்" என்று எழுதினால் போதும்.

கார்த்திகை வெள்ளிக்கிழமை வந்தது. புதுப் பூட்டுப் போட்ட வாசலில் அந்த அகல் விளக்குகளைத்தான் ஏற்றினோம். சனிக்கிழமை காலை சாமி படத்தில் காய்ந்துபோன கதம்பத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். கையில் அந்தச் சருகு. இதை எங்கே வாங்கினேன்?

ஜிபே பட்டியலில் பூ இல்லை. மார்க்கெட்டை விட்டு வெளியே வரும்போது வாசலோரம் கூடை வைத்திருந்த அம்மாவிடம் மல்லி விலை கேட்டேன், பனிக் காலம், தொட முடியாத விலை, கதம்பம் இரண்டு முழம் வாங்கினேன். 40 ரூபாய். சில்லறை இருந்தது, அதனால் காசாகக் கொடுத்தேன். அன்றைக்கு இரவு முழுக்க அந்தப் பூ மகள் தலையில்தான் இருந்தது, பாய் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது அதன் வாசனை கூட எனக்கு வந்துகொண்டிருந்தது. ஆனால் போனில் இருந்த நான்கு கடைகளைத்தான் நான் கடைகளாக நினைத்தேன்.

சாயங்காலம் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மா அதே இடத்தில் கட்டிக்கொண்டிருந்தார். "அம்மா, புதன்கிழமை ராத்திரி இங்க ஒரு சாவிக்கொத்து..." என்று ஆரம்பித்தேன். அவர் கை நிற்கவில்லை, நாரை இழுத்து முடிந்துகொண்டே கேட்டார்.

"எத்தனை சாவி, சொல்லு தாயி."

"அஞ்சு. ஒண்ணு வண்டிச் சாவி, கறுப்புத் தலை. ஒண்ணு நீளமா, பேங்க் சாவி. மரத்துல ஒரு வளையம்."

"மரத்துல என்னா எழுதியிருக்கு?"

சொன்னேன். அவருக்கு வாசிக்கத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் எலுமிச்சை விற்கும் பெண்ணைப் பார்த்தார், அவள் தலையாட்டினாள். பூக்கார அம்மா நாரைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, கயிற்றைத் தளர்த்தினார். மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. "பூ வாங்கிட்டுப் போ" என்றார். மல்லியே வாங்கினேன், நான்கு முழம்.

திங்கட்கிழமை பேங்க்கில் சாவி கிடைத்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து, செவ்வாய்க்கிழமை வர இருந்த ஆளை நிறுத்தச் சொன்னேன். பூட்டு மாற்றாததால் சாவியை என்னிடமே விட்டுவிட்டார்கள். லாக்கர் சாவி இப்போது வீட்டில் தனியாக இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருக்கோகர்ணம் போகிறோம், எதிர் வீட்டு அக்காவும் வருகிறார், வெல்லம் வாங்கி வைத்தாயிற்று.